டபராவும் சவரச் சோப்பும்

சங்க மலருக்குக் கட்டுரை என்றதும் கம்பனையோ இளங்கோவையோ கையிலெடுப்பது நம் வழக்கம். அவர்களைப் பற்றி எழுதத் தகுதியுடையோர் இம்மலரிலேயே பலர் இருப்பர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயரமானதன்று. குளியலறைத் தட்டின் உயரமே உடையது. சவரச் சோப்பை வைப்பதற்கு ஏற்ற கலம் எது என்பதே அது. சிரிக்க வேண்டா. வடநாட்டில் நாற்பது ஆண்டு குடியிருந்து, நாள்தோறும் காலையில் கால்மணி நேரம் கண்ணாடிமுன் நின்ற ஒருவர் அக்கிண்ணத்தோடு கழித்த நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் 3,650 மணி நேரம் ஆகிறது. அத்துணை நேரத்தைத் திருக்குறளோடு கழித்திருந்தால் ஓர் உரையே எழுதியிருக்கலாம்.

வள்ளுவரும் மழித்தலைத் தொட்டுப் பேசியவரே. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அது வருகிறது. ஆனால் அவர் பேசியது துறவியரின் வேடத்தைப் பற்றி. இல்லறத்தார் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் எக்கலத்தில் நுரை எழுப்ப வேண்டும் என்பதை அவர் நம் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்.

கலத்தைத் தேர்வதற்குமுன் அதில் உறையும் பொருளின் குணத்தை அறிதல் வேண்டும். நாம் குளிக்கும் சோப்பு பெரும்பாலும் எண்ணெயும் சோடாக் காரமும் கூடிப் பிறப்பது. ஆகவே கெட்டியாக இருக்கும். சவரச் சோப்பில் சோடாக் காரத்தோடு பொட்டாஷ் காரமும் சேர்கிறது. கொழுப்பில் ஸ்டியரிக் அமிலத்தின் பங்கு மிகுதி. பொட்டாஷ் சேர்ந்த சோப்பு நீரில் எளிதில் கரையும். ஸ்டியரிக் அமிலம் நுரைக்குச் செறிவும் நிலைப்பும் தரும். பாலாடைபோல் கன்னத்தில் படிந்து, கத்தி வரும்வரை காத்திருக்கும் நுரை இவ்விரண்டின் கொடை. ஆனால் எளிதில் கரையும் பொருளுக்கு ஒரு குறையும் உண்டு. தன்னைச் சூழ்ந்து நீர் தேங்கினால் அது தானே குழைந்து கூழாகிவிடும். கிளிசரின் கலந்ததாயின் காற்றின் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரு வில்லைகளுள் ஒன்று நெடுங்காலம் உழைப்பதும் மற்றொன்று விரைவில் தீர்வதும் பெரும்பாலும் அவை குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவை.

ஆதலின் நல்ல கலம் என்பது முதலில் உலரத் தெரிந்த கலம். மூடி போட்டு வைப்பதே தூய்மை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஈரச் சோப்பின்மேல் மூடியை இறுக்குவது நனைந்த வேட்டியைப் பெட்டியில் பூட்டுவதற்கு ஒப்பாகும். சோப்பு ஊறும், நாளடைவில் ஒரு வாடையும் எழும். சவரம் முடிந்ததும் கிண்ணத்தைச் சற்றே சாய்த்து மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் திறந்தபடி வைத்தால் போதும். மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஆடி, ஆவணி மாதங்களில் இதுவும் பயன்படாது. அங்கே மழைக்காலத்தில் உப்பும் உலர்வதில்லை, சோப்பும் உலர்வதில்லை. தில்லியிலோ சித்திரை, வைகாசியில் இதற்கு நேர்மாறு. வில்லை வறண்டு சுருங்கிக் கிண்ணத்தின் சுவரை விட்டு விலகி, ஆட்டினால் கிலுகிலுப்பைபோல் ஒலி செய்யும்.

இனி அளவு. பிரஷின் மயிர் சோப்பின்மேல் அழுந்தும்போது குடைபோல் விரியும். அவ்விரிவுக்கு இடந்தராத ஒடுங்கிய குவளையில் மயிர் மடிந்து வேரில் ஒடிந்துபோகும். விரல் முட்டி ஒவ்வொரு சுழற்சியிலும் விளிம்பில் இடிக்கும். மிக அகன்ற தட்டாயின் நுரை பரந்து, முகத்தைச் சேருமுன்பே ஆறிவிடும். மூன்றரை அங்குல அகலமும், ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழமும் எங்கள் பழக்கத்தில் பொருந்திய அளவு. சோப்பு அடியில் அசையாமல் அமர்ந்திருத்தலும் இன்றியமையாதது. இல்லையேல் பிரஷ் சுழலும் திசையிலேயே வில்லையும் உடன் சுழலும். நுரை எழாது, எரிச்சல்தான் எழும். வில்லையின் அடிப்பக்கத்தை நனைத்து அழுத்தி ஓரிரவு விட்டால் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் அடியும் வில்லையும் வடிவத்தால் ஒத்துவராதபோது சோப்பைத் துருவிச் சிறிது நீர் தெளித்து, கொழுக்கட்டைச் சொப்பு செய்வதுபோல் கட்டைவிரலால் அழுத்திப் பரப்ப வேண்டும்.

துருவுவதற்கு அடுக்களையிலிருந்து தேங்காய்த் துருவியைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தமிழ் வீட்டிலும் அது கிடைக்காது. சோப்பின் மணம் தேங்காயில் ஏறும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே எங்கள் பாட்டனார் காலத்தில் சவரக் கிண்ணம் என்று ஒன்று வீட்டில் இருந்ததில்லை. நாவிதர் வருவார், கக்கத்தில் அடைப்பம் இருக்கும். அதனுள் கத்தி, கத்தரி, தீட்டுவதற்குத் தோல்வார், ஒரு சிறு கண்ணாடி, ஒரு பித்தளைக் கிண்ணி. கிண்ணியில் நீர் வார்ப்பார்கள், மேலிருந்து, கிண்ணியில் செம்பு படாமல். அந்நீரை விரலால் தொட்டுத் தொட்டு முகத்தில் தேய்த்தே மயிரை இளக்குவார். சோப்பு கிடையாது. இடம் கொல்லைப்புறம், மாட்டுக் கொட்டிலை ஒட்டிய நிழல். சவரம் முடிந்தவர் எதையும் தொடாமல் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிய பின்னரே வீட்டுக்குள் நுழைவார். மேல்சாதி என்று தம்மைச் சொல்லிக்கொண்ட எல்லா வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. குரல்வளைமீது கத்தி வைக்க ஒரு மனிதரை நம்பினார்கள். அவரை வாசற்படி ஏற விடவில்லை. பல ஊர்களில் அவரே நாட்டு வைத்தியர், அவர் மனைவியே பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. நம் முன்னோருள் எத்தனையோ பேரை இவ்வுலகில் முதன்முதல் தொட்டெடுத்த கை அந்த அம்மையாருடையது. அந்தக் கைக்கும் அதே விதிதான்.

பின்னர் பாதுகாப்பு ரேசர் வந்தது. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் என்பவர் 1904-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்; முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படைவீரர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது; பிறகு உலகெங்கும் பரவியது. ஆங்கிலேயர் அலுவலகங்களில் எழுத்தர் வேலைக்குப் போன நம்மவர்க்கு வாரம் ஒருமுறை வரும் நாவிதர் போதவில்லை. நாள்தோறும் மழித்த முகம் வேண்டியிருந்தது. எனவே ரேசரும் பிளேடும் பிரஷும் சோப்பும் வீட்டுக்குள் வந்தன. நாவிதர் வருவது குறைந்தது. ஆனால் அவரோடு போயிருக்க வேண்டிய தீட்டு போகவில்லை. அது சோப்புக் கிண்ணத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதனால் விளைந்தது என்னவெனில், சவரத்திற்கென்று நம் வீடுகளில் எவரும் ஒரு கலத்தை வாங்கியதேயில்லை. அடுக்களையில் ஓய்வு பெற்ற பாத்திரம் ஒன்றுக்கு இப்பணி அளிக்கப்படும். ஒருமுறை இப்பணியில் அமர்ந்துவிட்டால் அது மீண்டும் அடுக்களைக்குத் திரும்ப முடியாது. நாட்டில் எல்லா வேலைக்கும் ஒரு கலம் உண்டு நம்மிடம்: மோருக்கு ஒன்று, புளி கரைக்க ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று. சவரத்திற்கு மட்டும் ஊனமுற்ற பாத்திரம்.

பிற நாடுகளில் அப்படியில்லை. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605-இல் வெளியிட்ட டான் கிஹோட்டே கதையில், மழைக்காக நாவிதர் ஒருவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த பித்தளைத் தாம்பாளத்தைப் பொற்கவசத் தொப்பி என்று கொண்டு கதைத்தலைவன் பறித்துக்கொள்வான். அத்தாம்பாளத்தின் விளிம்பில் கழுத்தைப் பொருத்துவதற்காகப் பிறைபோல் ஒரு வெட்டு இருக்கும். வேலையை நினைத்து வடித்த கலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சவரக் கடைகளின் சுவரில் அடுக்கடுக்காகப் பீங்கான் குவளைகள் நிற்கும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் குவளை. அதில் அவர் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். இறைச்சிக் கடைக்காரருக்கு மாடு, இரயில் ஓட்டுநருக்கு எஞ்சின் என்று அவரவர் தொழிலையும் தீட்டியிருப்பார்கள். ஒருவர் முகத்து நோய் மற்றவர்க்குத் தொற்றும் என்ற அச்சமும் அவ்வழக்கத்துக்கு ஒரு காரணம். ஆயினும் தம் பெயரை எழுதி ஊரார் காணச் சுவரில் வைக்கத்தக்க பொருளாக அவர்கள் அதைக் கருதினார்கள். நாம் அதைக் கிணற்றடி மாடக்குழியில் ஒளித்து வைத்தோம்.

எங்கள் தந்தையாரின் கிண்ணம் ஒரு பித்தளை டபரா. 1958-இல் அவர் தில்லிக்கு வேலையேற்க வந்தபோது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் அதன் டம்ளர் தொலைந்துபோயிற்று. டம்ளரில்லாத டபரா காப்பிக்கு ஆகாது என்று தீர்ப்பாகி, அது சவரத்துக்கு வந்தது. வந்தபின்தான் அதன் தகுதி தெரிந்தது. டபராவின் அகலம் பிரஷுக்கென்றே அளந்ததுபோல் இருக்கும். சுவர் செங்குத்தாக நிற்பதால் நுரை வெளியே வழியாது. வெளிப்புறம் மடிந்த விளிம்பை ஈரக் கையாலும் வழுக்காமல் பிடிக்கலாம். காப்பி ஆற்றுவதற்காக நம் தச்சரோ கன்னாரோ கண்ட வடிவம் சவரத்துக்கு இவ்வளவு இசைந்திருப்பது வியப்பே.

பித்தளைக்கு உரிய குற்றம் அதற்கும் இருந்தது. சோப்பில் உள்ள கொழுப்பமிலம் செம்போடு கூடிப் பச்சைக் களிம்பாகும். வெண்ணுரையில் பச்சை இழை தெரிந்தால் ஈயம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அக்காலத்தில் அரசுக் குடியிருப்புகளின் தெருக்களில் ‘கலாய்வாலா’ கூவிக்கொண்டு வருவார். துருத்தியை ஊதி நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு துடை துடைத்தால் பாத்திரம் நிலவாகிவிடும். அடுக்களைப் பாத்திரங்கள் முடிந்த பின், கடைசியாக, தந்தையாரே டபராவை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். மற்றவற்றோடு அதைச் சேர்த்துக் கொடுக்க எங்கள் அன்னையார் இசையமாட்டார்.

பிற கலங்களையும் பார்த்திருக்கிறோம். கரோல்பாகில் நான்கு தமிழ் இளைஞர் ஓர் அறையில் தங்கி, மெஸ்ஸில் உண்டு, ஒரே அலுமினியக் கிண்ணத்தில் நால்வரும் சவரம் செய்துகொண்டதுண்டு. அலுமினியத்துக்கும் காரத்துக்கும் ஆகாது; சில மாதத்தில் உட்புறம் கருத்துச் சொரசொரப்பாகும். அச்சொரசொரப்பில் நுரை நன்றாக எழும் என்று அவர்கள் வாதிடுவார்கள். நுரை எழுவது உண்மை, நுரை சாம்பல் நிறமாக இருப்பதும் உண்மை. கொட்டாங்கச்சியில் சோப்பைப் பதித்துப் பயன்படுத்திய ஒருவரையும் அறிவோம். சூடு தாங்கும், செலவில்லை. ஆனால் உருண்டை அடி ஓரிடத்தில் நிற்காது. மண்ணால் ஒரு பிரிமணை செய்து அதன்மேல் வைத்தார். எவர்சில்வர் துருவேறாது, களிம்பேறாது, உடையாது. எனினும் அதன் சுவர் மெலிது. ஊற்றிய சுடுநீரின் வெப்பத்தை ஒரு நிமிடத்தில் குளிர்காற்றுக்குத் தானம் செய்துவிடும். சோப்போடு கூடவே பிளாஸ்டிக் கிண்ணமும் கிடைக்கத் தொடங்கியபின் பலருக்கு இக்கவலையே இல்லாமல் போயிற்று. பிளாஸ்டிக் சூட்டை எளிதில் விடாது என்பது அதன் பெருமை. எடையே இல்லாததால் பிரஷ் தொட்டதும் மேடை முழுவதும் ஓடித் திரியும் என்பது அதன் சிறுமை.

சூட்டைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று சென்னையில் இருப்போர் கேட்கக்கூடும். தில்லியில் தை மாதத்து விடியற்காலையில் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கும். குழாய் நீர் கையைக் கடிக்கும். ஆறிய நுரையைக் கன்னத்தில் பூசுவது, தண்டனைக்குரிய குற்றம் எதுவும் செய்யாத ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் கொடுமை. ஆங்கிலேயர் இதற்கென்றே இரட்டைக் கலம் ஒன்றைச் செய்திருந்தனர்; கீழறையில் கொதிநீர், மேல்தட்டில் சோப்பும் நுரையும். தந்தையார் அதை எங்கும் கண்டவரல்லர். ஆயினும் வாயகன்ற ஒரு சட்டியில் வெந்நீர் நிரப்பி அதில் டபராவை மிதக்கவிடுவார். நெய் உருக்கும் முறைதான்.

பாறை உப்பையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வரும் அடிகுழாய் நீரைப் பற்றியும் ஒரு சொல். அந்நீரில் சோப்பு நுரைக்காமல் தயிர்போல் திரியும். திரிந்த படிவு கிண்ணத்தின் சுவரில் வெள்ளைப் பொருக்காக ஒட்டும். எக்கலமானாலும் இது நேரும். மும்பைக்காரர்களுக்கு மழைநீரைத் தேக்கிய ஏரிகளிலிருந்து மென்னீர் வருகிறது. அவர்கள் நம்மைவிடப் பாதிச் சோப்பில் முகம் மழிக்கிறார்கள் என்று நாங்கள் பொறாமைப்படுவதுண்டு.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துச் செல்வது தில்லித் தமிழரின் பிறவிக் கடன். சென்றவர்கள் மாக்கல்லில் குடைந்த பெட்டி ஒன்றுடன் திரும்புவர். அத்தகைய பெட்டி ஒன்றில் நண்பர் ஒருவர் சவரச் சோப்பை வைத்துப் பார்த்தார். நம் நாட்டுக் கல்சட்டியும் இதே மாக்கல்தான். அடுப்பை விட்டு இறக்கிய பின்னும் அதில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை யாவரும் அறிவர். கல் சூட்டைப் பிடித்துவைக்கும், கனத்தால் அசையாது நிற்கும். சல்லடைபோல் செதுக்கிய பூவேலையினூடே நுரை நான்கு பக்கமும் ஒழுகியது ஒன்றே குறை. பூவேலையில்லாமல் கல்சட்டிக்காரர் எவரேனும் கையளவு கிண்ணம் ஒன்று குடைந்து தந்திருந்தால், இக்கட்டுரை அதைப் பாராட்டி முன்பே முடிந்திருக்கும். குழம்புக்குச் சட்டி குடைந்தவரிடம் சவரத்துக்குக் கிண்ணம் கேட்கும் துணிவு நம்மில் யாருக்கும் வந்ததில்லை.

கிணற்றடி மாடக்குழி என்றோம். அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கிணற்றடிக்கு எங்கே போவது? எங்கள் பாட்டியார் முதன்முறை தில்லிக்கு வந்தபோது, குழாயடித் தட்டில் பற்பொடிப் புட்டிக்குப் பக்கத்தில் டபராவைக் கண்டு திடுக்கிட்டுப் போனார்.

“அம்மாடி, இது கொல்லையிலே இருக்க வேண்டிய சாமானாச்சே. பல் தேய்க்கிற இடத்திலே வைக்கலாமா?”

“கொல்லைக்கு எங்கே போறது அத்தை? பால்கனியிலே வெச்சா குரங்கு தூக்கிண்டு போயிடறது.”

பாட்டியார் சற்று நேரம் சிந்தித்தார். பிறகு டபராவுக்கும் பற்பொடிக்கும் இடையே ஓர் உடைந்த ஓட்டுத் துண்டைக் கொண்டுவந்து எல்லைக்கல்லாக நட்டார். இருந்த மூன்று மாதமும் அவ்வெல்லை காக்கப்பட்டது. அவர் ஊர் திரும்பிய மறுவாரம் ஓட்டுத் துண்டைக் காணோம்; எடுத்தவர் யாரென்று எவரும் விசாரிக்கவில்லை. சாதியும் தீட்டும் பேசித் தீர்ந்ததைவிட இடமில்லாமல் தீர்ந்தது அதிகம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கொண்ட வீட்டில் எத்தனை பொருளைத்தான் விலக்கி வைப்பது!

தீர்ந்தது என்று முழுதும் சொல்லவும் முடியவில்லை. வெளியே சாலையோரத்து நாவிதர் இருந்தார். வேப்பமரத்தில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, வாடிக்கையாளர் குந்துவதற்குச் செங்கல். இந்தியில் செங்கலுக்கு ‘ஈண்ட்’ என்று பெயராதலால் இதை ‘ஈட்டாலியன் சலூன்’ என்று வேடிக்கையாகச் சொல்வர். அவரிடம் ஒரே கிண்ணம், ஒரே பிரஷ். காலை முதல் மாலைவரை எத்தனை முகங்களோ அத்தனைக்கும் அந்த ஒரே நுரை. முகச்சிரங்கு பரவ இதைவிட எளிய வழி வேண்டா. எங்கள் வீட்டார் அவரிடம் போகாததற்கு நோயைக் காரணமாகச் சொன்னார்கள். நோய் மெய்யான காரணமே; ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டபோதெல்லாம் பாட்டியாரின் ஓட்டுத் துண்டு எங்கள் நினைவுக்கு வந்தது. 1980-களின் பிற்பகுதியில் எயிட்ஸ் பற்றிய அச்சம் பரவிய பின், ஆளுக்கொரு புதிய பிளேடு என்ற முறை கடைகளில் வேரூன்றியது. பொதுக் கிண்ணத்தின் இடத்தைக் குழாயில் அடைத்த சவரக் கிரீம் எடுத்துக்கொண்டது. நோயைத் தடுக்கக் கிண்ணத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மனிதரை விலக்க வேண்டியிருக்கவில்லை.

இரயில் பயணத்துக்கு மட்டும் நாம் மேலே கண்ட இலக்கணம் முழுதும் தலைகீழாகும். வீட்டில் மூடி பகை. பெட்டிக்குள் மூடியே துணை. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பின்னும் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் இருந்தபடியேதான் இருந்தது. சென்னை நெருங்கும் நேரத்தில் கழுவு தொட்டியின்முன் ஆடவர் வரிசை நிற்கும். மாமனார் வீட்டார் நிலையத்துக்கு வந்திருப்பர். இரண்டு நாள் தாடியுடன் இறங்கலாகாது. ஆடும் வண்டியில் ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கத்தியையும் பிடித்தவருக்குக் கிண்ணத்தைப் பிடிக்க மூன்றாம் கை இல்லை. அதற்கு மெழுகுவத்தி வடிவில் வரும் சோப்புக் குச்சியே உகந்தது. ஈரக் கன்னத்தில் நேரே தேய்த்து அங்கேயே நுரையெழுப்பிக்கொள்ளலாம். தந்தையார் அதை ஏற்கவில்லை. டபராவின் வாயில் ஒரு துணியைக் கட்டி, அதை ஒரு துண்டில் சுற்றி, ஊருக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோவார்.

1987-ஆம் ஆண்டு மார்கழியில் அவர் மறைந்தார். யமுனைக் கரையில் நிகம்போத் காட்டில் எங்களுள் மூத்தவருக்கு மழித்த நாவிதர், சோப்பேதுமின்றி, ஒரு சிறு கிண்ணியிலிருந்து குளிர்ந்த நீரை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் மழித்தார். ஊர் வழக்கமும் அதுவே, இங்குள்ள வழக்கமும் அதுவே. அவருக்குத் தமிழ் தெரியாது. மூத்தவரின் தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அழுகையில் தலை நடுங்கியபோது கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

பதின்மூன்றாம் நாளுக்குப் பின் தந்தையாரின் பொருள்களை ஒழுங்கு செய்தோம். ரேசரை இளையவர் எடுத்துக்கொண்டார். மயிர் உதிர்ந்த பிரஷைப் போட்டுவிட்டோம். டபராவில் பாதி தேய்ந்த சோப்பு, நடுவில் குழிந்து, விளிம்பில் மெலிந்து இருந்தது. அதை என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்னையார் வாங்கிக்கொண்டு போனார். சோப்பைச் சுரண்டியெடுத்தார், புளியும் சாம்பலும் இட்டு நெடுநேரம் தேய்த்தார், மாடியில் வெயிலில் காயவைத்தார். மறுநாள் அடுக்களையில் உப்பு ஜாடிக்கு அருகே அது இருந்தது. பால்காரருக்குக் கொடுக்கும் சில்லறையை அதில் போட்டுவைத்திருந்தார். இருபத்தொன்பது ஆண்டு அடுக்களை வாசலைத் தாண்டாத கலம். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் எங்களுக்குக் கிண்ணம் வேண்டியிருந்தது. தில்லியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், புலந்த்சஹர் மாவட்டத்தில், குர்ஜா என்னும் ஊர் இருக்கிறது. பீங்கானுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து வரும் கோப்பைகளை இந்நகரின் நடைபாதைகளில் வைக்கோல்மேல் குவித்து விற்பார்கள். சவரத்துக்கென்று வேண்டுமென்றே, காசு கொடுத்து, புதிதாக ஒன்று வாங்கினோம். எங்கள் குலத்தில் இதுவே முதன்முறை. தடித்த சுவர், உள்ளே மெழுகு பூசியதுபோன்ற பளபளப்பு, கையில் பிடிக்க ஒரு காது, வெளியே நீலப் பூ. வெந்நீரை ஊற்றி இரண்டு நிமிடம் வைத்து வடித்தால், சவரம் முடியும்வரை சூடு மாறாது. களிம்பில்லை, துருவில்லை. கீழே விழுந்தால் உடையும். அதற்கு ஈரக் கைதான் பொறுப்பு.

நம் பிள்ளைகள் அழுத்தினால் நுரை சீறும் தகரக் குப்பியைப் பயன்படுத்துகிறார்கள். பலர் தாடியே வளர்க்கிறார்கள். எனினும் பழைய வட்டச் சோப்புக்கும் பிரஷுக்கும் திரும்பும் இளைஞர் சிலரையும் பார்க்கிறோம். கிண்ணம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். குர்ஜாக் கோப்பைகளில் வாய் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாததாக, அடி தட்டையாக, எடை சற்று மிகுந்ததாக ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். உட்புறத்தில் விரலை ஓட்டி, மெருகு விட்டுப்போன இடமுண்டா என்று பாருங்கள். அங்கே சோப்பு ஊறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் சுண்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, வெந்நீர் பட்டதும் பிளந்துவிடும். விலையை அதற்குப் பின் பேசுங்கள்.